பொங்கல் மேடைக்கு வாற எம்பிமாருக்கும் குடிவரவு அமைச்சருக்கும்: என்ர அம்மான்ர பேரை எந்தப் பெட்டியில போடுறது?

மதிப்புக்குரிய கனடாக் குடிவரவு அமைச்சருக்கும், வாற தை மாசம் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் பக்கம் பொங்கல் மேடையளில ஏறப்போற எம்பிமார் எல்லாருக்கும்,

சுகம் விசாரிக்க எழுதுற கடிதம் இல்லை இது, நேரா விசயத்துக்கு வாறன்.

2025 ஜூலை கடைசியில, அம்மா அப்பாவை நிரந்தரமா இஞ்ச கூப்பிட்டு ஸ்பொன்சர் பண்ணுறதுக்கு 17,860 பேருக்கு அழைப்பு அனுப்புறம் எண்டு அறிவிச்சியள். வேலையில லஞ்ச் நேரம் என்னோட நிக்கிற பிலிப்பீன்ஸ் பிள்ளை ஃபோனைக் காட்டி, ஈமெயிலைப் பார், ஜங்க் போல்டரையும் பார் எண்டாள். நான் பாக்கேல்லை. பாத்து என்ன செய்யிறது? அந்த 17,860 பேரையும் நீங்கள் குலுக்கிப் போட்டு எடுக்கிறது 2020 ஒக்டோபர் 13இல இருந்து நவம்பர் 3 வரைக்கும் திறந்திருந்த, ஸ்பொன்சர் பண்ண விருப்பம் எண்டு பதியிற ஃபோர்மை நிரப்பின ஆக்களுக்குள்ள இருந்துதான். அந்த மூண்டு கிழமையில நான் பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை உள்ள ஆள், இல்லை. எனக்கு பிஆர் வந்தது 2021 பெப்ரவரி. மூண்டு மாசம் பிந்திப் போச்சு, அந்த மூண்டு மாசத்துக்கு இப்ப அஞ்சு வருசமாக் குடுத்துக்கொண்டிருக்கிறன்.

குலுக்கலில பேர் விழேல்லை எண்டு அழுற ஆக்கள் கனபேரை எனக்குத் தெரியும். அவையைப் பாக்க எனக்குப் பொறாமையா இருக்கு. அவையிட்ட ரிக்கெற்றாவது இருக்கு.

நான் 2017இல வந்து அகதிக் கோரிக்கை வைச்சனான். 2019 தொடக்கத்தில கேஸ் சரிவந்து பிஆருக்குப் போட்டன், அதுக்குள்ள கொரோனாவும் வந்து எல்லாம் இழுபட்டு இரண்டு வருசம் போச்சு, இப்ப சிட்டிசன். ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற்றில நான், மனுசன், இரண்டு பிள்ளையள். மனுசன் ட்ரக் ஓடுறார், நான் ஒரு லோங் ரேர்ம் கெயர் ஹோமில முதியோரைப் பராமரிக்கிற பிஎஸ்டபிள்யூ வேலை. ரக்ஸ் ஒரு வருசமும் பிந்திக் கட்டினதில்லை, வெல்ஃபெயர் எடுத்ததில்லை. உதை ஏன் எழுதுறன் எண்டால், ஸ்பொன்சர் பண்ண நீங்கள் கேக்கிற தகுதி எல்லாம் என்னட்ட இருக்கு. குறைஞ்ச வருமானக் கோட்டுக்கு மேல 30 வீதம் கூட உழைக்கோணும், அதையும் மூண்டு வருசம் தொடர்ந்து காட்டோணும் எண்டுறியள், காட்டுவன். 20 வருசத்துக்கு அம்மான்ர சகல செலவும் என்ர பொறுப்பு எண்டு கையெழுத்துக் கேக்கிறியள், வைப்பன். அம்மாக்கு இப்ப 71. அவ 91 வரைக்கும் இருக்கோணும் எண்டு நான் கோயிலில கேக்கிறன், நீங்கள் அதை ஃபோர்மிலயே எழுதி வைச்சிருக்கிறியள், நல்லது. ஆனா அந்த ஃபோர்மைத் தாங்கோ எண்டா இல்லை.

இந்தக் கதவை நீங்கள் திறந்த விதமும் பூட்டின விதமும் எங்களுக்கு மறக்கேல்லை. 2011 நவம்பரில அப்பிடியே பூட்டினியள். 2014 ஜனவரியில திரும்பத் திறந்தியள், வருசத்துக்கு 5,000 விண்ணப்பம்தான் எண்டு. பேந்து ஒரு காலம் ஆக்கள் கூரியர்காரருக்குக் காசு குடுத்து முதல் நாள் வரிசையில நிக்க விட்டவை. 2017இல குலுக்கல். 2019 ஜனவரி 28 அண்டைக்கு ஒன்லைனில முந்தி நிரப்புறவைக்கு எண்டு விட்டியள், 27,000 இடமும் 11 நிமிசத்துக்குள்ள முடிஞ்சுது. எங்கட பக்கத்து வீட்டு அண்ணை ஒருத்தர், ட்றைவர், ரைப் பண்ணத் தெரியாது, அவருக்காக மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தவள், பேரும் பிறந்த திகதியும் அடிச்சு முடிக்கவே பூட்டுப்பட்டுப் போச்சு. அந்தப் பிள்ளை தன்னாலதான் அப்பம்மா வரேல்லை எண்டு கனநாள் சொல்லிக்கொண்டு திரிஞ்சது. அதுக்கு அடுத்த வருசம் திரும்பக் குலுக்கல். அந்த 2020ஆம் ஆண்டுப் பெட்டியைத்தான் இண்டு வரைக்கும் கிண்டிக்கொண்டிருக்கிறியள். 2024இல 35,700 அழைப்பு, அதே பெட்டி. 2025, அதே பெட்டி. நடுவில இந்த நாட்டுக்கு வந்து பிஆர் எடுத்து, சிட்டிசன் சத்தியப்பிரமாணம் செய்து, வோட்டும் போட்ட ஆக்களுக்கு அம்மா அப்பா இல்லை எண்டு நினைக்கிறியளோ தெரியாது.

ஒவ்வொரு முறை எழுதேக்கையும் எம்பி ஒப்பீசில இருந்து வாற பதில் ஒண்டுதான்: சூப்பர் விசா இருக்குத்தானே. தாய் தகப்பன் பிள்ளையிட்ட வந்து கனகாலம் நிண்டுட்டுத் திரும்பிப் போற விசா அது. சரி, அதையும் சொல்லுறன்.

2022இல அப்பா செத்தவர். நான் அப்ப பிஆர். போக வெளிக்கிட, போக வேண்டாம் எண்டு லோயர் தலையில அடிக்காத குறையாச் சொன்னவர். அகதியா ஏற்கப்பட்ட ஒருத்தர் தன்ர நாட்டுக்குத் திரும்பிப் போனால், 2012 டிசம்பரில நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அகதி அந்தஸ்தோட பிஆரும் சேர்ந்து பறிபோகலாம். தகப்பன்ர செத்தவீட்டுக்குத்தானே போறன் எண்டு கேட்டன், அதைப் பேந்து அகதி வழக்கு விசாரிக்கிற போர்டிலதான் சொல்லிப் பாக்கோணும், இரண்டு பிள்ளையோட நீங்கள் அந்த ரிஸ்க்கை எடுக்கப்போறியளோ எண்டார். எடுக்கேல்லை. வட்ஸ்அப்பில பாத்தனான். ஆரோ பெடியன் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், பறையடிக்கிற சத்தத்தில அம்மா சொன்னது ஒண்டும் விளங்கேல்லை, சுடலைக்குக் கொண்டு போகேக்க சிக்னல் விட்டுட்டு.

அதுக்குப் பிறகு 2023இல அம்மாக்கு சூப்பர் விசா போட்டம். இன்சூரன்ஸ் எடுத்தம், ஒரு லட்சம் டொலர் கவரேஜ் இருக்கோணும், அம்மாக்கு சீனி, பிரஷர், அதால கட்டின காசு என்ர ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல, அப்பிடிக் கட்டியும் ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்கு ஒண்டும் தரமாட்டினம் எண்டு கீழ சின்ன எழுத்தில. அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போய் மெடிக்கல் எடுத்தவ, பிறகும் ஒருக்காப் போய்க் கைரேகை குடுத்தவ. கால் வீங்கி வந்து இரண்டு நாள் படுத்தது. நான் இஞ்ச இருந்து ஒரு வின்டர் ஜக்கெற் வாங்கி, ஊருக்குப் போன தெரிஞ்ச ஒருத்தரிட்டக் குடுத்து விட்டனான், நாவல்பழக் கலர். மெசினில தோய்க்கலாமோ எண்டு அம்மா வொய்ஸ் மெசேஜில கேட்டவ. அங்க மெசினே இல்லை.

மறுத்துக் கடிதம் வந்தது. முழுக்கக் கட்டம் போட்ட கடிதம், ஆருக்கும் அனுப்பலாம், பேரை மட்டும் மாத்தினால் சரி. காரணம், குடும்பத் தொடர்பு: கனடாவில மகள் இருக்கிறா, சொந்த நாட்டில நெருங்கின குடும்பம் இல்லை, ஆனபடியால் காலம் முடிய இவ திரும்பிப் போவா எண்டு நம்பிக்கை இல்லை.

இதை அமைதியா வாசியுங்கோ. மகள் இருக்கிறா எண்டுதான் சூப்பர் விசா எண்டு ஒண்டையே வைச்சிருக்கிறியள். மகள் இருக்கிறா எண்டே அதை மறுக்கிறியள்.

மற்றக் காரணத்தையும் கேளுங்கோ. சொந்த நாட்டில நெருங்கின குடும்பம் இல்லை. உண்மைதான். எனக்கு ஒரேயொரு அண்ணா. 2009 மே மாசத்துக்குப் பிறகு அவர் இல்லை. அதைப்பற்றி நான் இதில கூட எழுத விரும்பேல்லை, ஏனெண்டால் அதை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, 2022 மே 18 அண்டைக்கு நாடாளுமன்றத்தில எல்லாக் கட்சியும் ஒருமனதா மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாள் எண்டு ஏத்துக்கொண்டனீங்கள். அண்டைக்கு நான் வேலையால வந்து செருப்பும் கழட்டாம அந்த வீடியோவைப் பாத்தனான். வேற ஒரு நாட்டு நாடாளுமன்றம் எங்கட செத்த ஆக்களுக்காக அப்பிடி ஒண்டு செய்யும் எண்டு நான் நினைச்சதே இல்லை, அம்மாக்கு உடன ஃபோன் எடுத்துச் சொன்னனான், அவ கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. அப்பவும் அப்பா உயிரோட.

அடுத்த வருசம், அதே அம்மாக்கு, மகன் இல்லாதபடியால நீ வரேலாது எண்டு கடிதம் போகுது. அந்த மகன் ஏன் இல்லை எண்டு உங்கட நாடாளுமன்றத்துக்குத் தெரியும், உங்கட விசா ஒப்பீசருக்குத் தெரியாது. செத்தவைக்காகத் தீர்மானம் போட்டியள், நன்றி, உண்மையாத்தான் சொல்லுறன். செத்தவையின்ர தாய்மார் இன்னும் இருக்கினம். அவைக்கு என்ன செய்தனீங்கள்?

அந்த மறுப்பை எதிர்த்து 60 நாளுக்குள்ள ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம் எண்டு லோயர் சொன்னவர், அவர் கேட்ட ஃபீஸைக் கேட்டிட்டு நாங்கள் ரிம் ஹோர்ட்டன்ஸில ஒரு கோப்பியைப் பங்கு போட்டுக் குடிச்சிட்டு வீட்ட வந்தம்.

2024இல சிட்டிசன் ஆனவுடன முதல் செய்த வேலை பாஸ்போட் எடுத்து ஏப்ரலில எங்கட ஊர் கரவெட்டிக்குப் போனது. ஏழு வருசம். கேற்றடியில நிண்ட மனுசியை முதல் ஆரோ எண்டு நினைச்சிட்டன், அவ்வளவுக்கு மெலிஞ்சு போனா. இரண்டாம் நாள் அலுமாரியைத் திறந்து அந்த ஜக்கெற்றை எடுத்தா, கொண்டு போன பொலித்தீன் பையோட, பூச்சி உருண்டை மணம் வீடு முழுக்க அடிக்குது. சித்திரை வெயில், கறன்ற் வேற இல்லை, வேண்டாமம்மா எண்டு சொல்லச் சொல்லப் போட்டு, சிப்பை இழுத்து, தொப்பியையும் தலையில போட்டுக்கொண்டு நிண்டா. அளவு சரியோ பார் எண்டா. தோளில கொஞ்சம் பெரிசு. சரி எண்டன். மறுத்து வந்த கடிதமும் அதே அலுமாரிக்குள்ளதான், பாங்க் புத்தகத்தோட மடிச்சு வைச்சிருந்தா. இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது, ஆனா கனடாவில இருந்து வந்த கடிதம் எறியக்கூடாதாம்.

என்ர வேலையைப்பற்றியும் ஒரு சொல்லு. என்ர ஃப்ளோரில எல்லாருக்கும் எண்பது தாண்டினது. ஒரு இத்தாலிக்காரக் கிழவி, சோறு தீத்தேக்க என்ர விரலைக் கடிக்கும், கடிச்சிட்டுச் சிரிக்கும். நான் தீத்தினால்தான் வாய் திறக்கும், மகள் வந்து தீத்தினாலும் திறவாது. மகள் அதைப் பாத்து அழுவா. அம்மாக்கு எண்டு நான் எடுத்த லீவெல்லாம் முடிஞ்சு போச்சு எண்டு அந்த மகளுக்குத் தெரியும், உங்கட எம்பிக்கு எழுதுங்கோ எண்டு சொன்னதும் அவதான். இதைச் சொல்லி உங்களிட்ட இரக்கம் கேக்கேல்லை, எனக்குச் சம்பளம் தருகினம், நான் செய்யிறன். ஆனா முதியோரைப் பாக்க ஆக்கள் காணாது எண்டு ஒவ்வொரு தேர்தலிலயும் கதைக்கிற நீங்கள், தன்ர தாயைத் தானே பாக்கிறன் எண்டு நிக்கிற ஆளைப் பாத்து ஏன் பயப்பிடுறியள் எண்டு எனக்கு விளங்கேல்லை.

சனம் சொல்லுற கதை எனக்கும் தெரியும். கிழடுகளைக் கொண்டு வந்து இறக்கினா பென்சன் ஆர் குடுக்கிறது எண்டு. ஓல்ட் ஏஜ் பென்சன் எடுக்க ஆகக் குறைஞ்சது 10 வருசம் இஞ்ச இருந்திருக்கோணும். நாளைக்கே அம்மா வந்தாலும் 81 வயசு வரைக்கும் ஒரு சதமும் வராது. ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை, அதுக்கு நானும் மனுசனும் கட்டுற ரக்ஸ் இருக்கு, அம்மா வந்தா நான் பார்ட் ரைமை ஃபுல் ரைம் ஆக்குவன், கடைசிப் பிள்ளையைப் பாக்க ஆள் இருக்கும், அப்ப இன்னும் கூடக் கட்டுவன். வீட்டு விலை ஏறினது, டொக்டர் இல்லாதது எல்லாத்துக்கும் வந்த சனம்தான் காரணம் எண்டு இப்ப ஒரு காத்து அடிக்குது. 2026க்கு நீங்கள் வைச்ச திட்டத்தில மொத்த பிஆர் 380,000, அதில பெற்றார் 15,000. 2025க்கு வைச்ச திட்டத்தில 24,500. இப்ப நூறு பேருக்கு நாலு பேர் கூட இல்லை. அந்த நாலு கிழவியளை வெட்டினபடியால ஆற்றையாவது வாடகை குறைஞ்சுதோ? எங்கட பேஸ்மென்ற்றில குறையேல்லை.

எங்கட ஆக்களுக்கும் ஒண்டு சொல்லத்தான் வேணும். எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் வந்து, அம்மா, அப்பா, அத்தை எண்டு எல்லாரையும் கூப்பிட்டு முடிச்ச சிலர் இப்ப கலியாண வீட்டு மேசையில இருந்துகொண்டு, காணும், கதவைப் பூட்டத்தான் வேணும் எண்டு கதைக்கினம். எம்பிமார் அவையோடதான் கூடப் படம் எடுக்கிறபடியால, தமிழர் எல்லாரும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிடாதேங்கோ.

2025 ஏப்ரல் 28 நான் வாழ்க்கையில முதல் முதல் கனடாவில வோட்டுப் போட்ட நாள். அதுக்கு முதல் கிழமை, மழை, பேஸ்மென்ற் சைட் கதவில ஆரோ தட்டினவை. திறந்தா ஒரு வேட்பாளர் தனிய நிக்கிறார், ஒரு கையில குடை, மற்றக் கையில நோட்டீஸ் கட்டு. ஊரில எம்பி வந்தா முன்னுக்கு இரண்டு வாகனம், பின்னுக்கு இரண்டு வாகனம், நாங்கள் வேலியோட ஒதுங்கி நிக்கோணும். இஞ்ச அந்த மனுசன் சப்பாத்தைக் கழட்டட்டோ எண்டு கேட்டவர். சத்தியமா அந்த நிமிசம் எனக்கு இந்த நாட்டில வந்த மரியாதை இண்டைக்கும் குறையேல்லை. வணக்கம் எண்டார், உங்களுக்கு எது முக்கியமான பிரச்சினை எண்டு கேட்டார். அம்மா எண்டன். முழுக்கச் சொன்னன், பத்து நிமிசம் நிண்டு கேட்டார், எழுதினார். என்ன எழுதுறார் எண்டு எட்டிப் பாத்தன். விலைவாசி எண்ட பெட்டிக்குள்ள ஒரு சரி போட்டிருந்தார். ஃபோர்மில வேற பெட்டி இல்லையாக்கும்.

பிறகு ஈமெயில் வருது, கிழமைக்கு ஒண்டு. காசு கேட்டு.

இன்னும் கொஞ்ச நாளில தைப்பொங்கல். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு 2016இல நாடாளுமன்றத்தில நிறைவேத்தினதில இருந்து நீங்கள் தவறாம வாறியள், வேட்டி கட்டுறியள், சால்வை போடுறியள், குடும்பம்தான் தமிழரின்ர பலம் எண்டு பேசுறியள். நானும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து கைதட்டினனான். இந்த முறை கைதட்ட முதல் கேக்க எனக்குக் கொஞ்சம் இருக்கு.

அமைச்சரிட்ட முதல் கேக்கிறது, 2020 நவம்பருக்குப் பிறகு பிஆர் எடுத்த ஆக்களுக்கு ஒரு புது ஃபோர்ம், 2026 முடிய முதல். ஏலாது எண்டால் எந்த வருசம் ஏலும் எண்டு திகதி போட்டுச் சொல்லுங்கோ. 2020 பெட்டிக்குள்ள இன்னும் எத்தினை பேர் மிச்சம் எண்டதையும் சொல்லுங்கோ, அது ரகசியமா வைச்சிருக்கிற விசயம் இல்லை. புதுசாத் திறக்கேக்க குலுக்கலை விடுங்கோ, வரிசை வைக்கலாம், பத்து வருசம் எண்டாலும் பரவாயில்லை, வரிசையில நிக்கிறவைக்குத் தன்ர இடம் தெரியும், கியூவில நிண்டு பழகின சனம் நாங்கள், பாணுக்கும் மண்ணெண்ணைக்கும் நிண்டனாங்கள். 15,000ஐத் திரும்ப 24,500 ஆக்குங்கோ.

சூப்பர் விசாவில, சொந்த நாட்டில பிள்ளை இல்லை எண்டதை ஒரு தாய்க்கு எதிராப் பாக்கக்கூடாது எண்டு ஒப்பீசர்மாருக்கு எழுத்தில அறிவுறுத்தல் குடுங்கோ, யுத்தத்தில பிள்ளையைக் குடுத்த தாய்மாருக்கு முக்கியமா. மறுக்கிறதெண்டா ஃபைலை வாசிச்ச ஒரு ஆள் எழுதின காரணத்தோட மறுங்கோ. 2012 சட்டத்தை மாத்தி, தாய் தகப்பன்ர செத்தவீட்டுக்குப் போறதால ஒருத்தற்ற பிஆரையும் பறிக்கேலாது எண்டு செய்யுங்கோ. எனக்கு அது இனித் தேவையில்லை, என்ர அப்பா போயிட்டார். இண்டைக்கும் என்னை மாதிரி ஆரோ ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில சிக்னல் தேடிக்கொண்டு நிக்குது.

எம்பிமாரே, மேடையில வணக்கம் சொன்ன பிறகு, உங்களுக்குத் தாற அஞ்சு நிமிசத்தில இரண்டு நிமிசம் இதுக்குப் பதில் சொல்லுங்கோ. ஆம் எண்டாலும் சரி இல்லை எண்டாலும் சரி, மைக்கில சொல்லுங்கோ. நான் முன்வரிசைக்கு வருவன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில கேக்கிறா, அந்த ஜக்கெற்றை வைச்சிருக்கட்டோ, இல்லை ஆருக்கும் குடுக்கட்டோ எண்டு. அவவுக்கு நான் என்ன சொல்லோணும் எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்லோணும்.

இப்பிடிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு வாக்காளர்